0.25 பாஸ்கெட்டை எடுத்துவிட்டு 0.15 போடலாமா?

கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன், தவறாக இருந்தால் திருத்துங்கள். உடுமலைப் பக்கம் ஒரு கிராஃப்ட் பேப்பர் மில். பழைய அட்டைப்பெட்டிகளை ஊறப்போட்டு நாளைக்கு 80 டன் ஓட்டுகிறீர்கள். கூழிலிருந்து குப்பையைப் பிரிக்கும் கோர்ஸ் ஸ்கிரீனில் 1.6 மி.மீ. வட்ட ஓட்டை, அடுத்து வரும் ஃபைன் ஸ்கிரீனின் பாஸ்கெட்டில் (வரிசையாகக் கம்பி நிறுத்திச் செய்த உருளைச் சல்லடை) 0.25 மி.மீ. ஸ்லாட், அதாவது கம்பிகளுக்கு நடுவே நீளமான கீறல். டிரையரில் பசை ஏறுகிறது, பேப்பரில் கரும்புள்ளி விழுகிறது, ரீவைண்டரில் ஷீட் அறுகிறது. பாஸ்கெட் விற்க வந்தவர் 0.15 போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். முதலாளி உங்களைப் பார்த்து "போடலாமா?" என்கிறார். கூடவே, பேக் வாட்டரை (மெஷினில் பேப்பரிலிருந்து வடியும் தண்ணீர்) வடிகட்டி மெஷினைக் கழுவும் ஷவருக்குத் திருப்ப எத்தனை மெஷ் வாங்குவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டு கேள்விக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கைதான்: ஓட்டை சிறிதானால் சரக்கு சுத்தமாகும். அந்த நம்பிக்கை பாதிதான் சரி. மீதிப் பாதியில்தான் மில்களின் பணம் போகிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் பல்ப் மில்களில் 27 வருஷம் இருந்தவன். முதலில் கரும்புச் சக்கை, அதன்பின் முழுக்க வேஸ்ட் பேப்பர். மரத்தை அரைத்துச் செய்யும் மெக்கானிக்கல் பல்ப்பில் வேலை செய்ததில்லை. அதனால் கீழே சொல்வதை அங்கே அப்படியே பொருத்த வேண்டாம்.

வீட்டில் மாவு சலிக்கும்போது சல்லடைக் கண்ணைவிடப் பெரியது மேலே நிற்கும், சிறியது கீழே விழும். பிரஷர் ஸ்கிரீனும் அப்படித்தான் என்று நினைத்துத்தான் எல்லோரும் தொடங்குகிறோம். நார் எவ்வளவு பருமன் என்று பாருங்கள். யூகலிப்டஸ் மாதிரி கடின மர நார் 15 முதல் 20 மைக்ரான் அகலம், நீளம் ஒரு மி.மீ. சுமார். வெளிநாட்டுப் பெட்டியில் வரும் பைன் வகை நார் 30 முதல் 40 மைக்ரான் அகலம், நீளம் 3 மி.மீ. வரை. உங்கள் ஸ்லாட் 250 மைக்ரான். அவர் விற்க நினைப்பது 150. இரண்டிலும் நார் பக்கவாட்டில் நாலைந்தாகச் சேர்ந்தே நுழைய இடமிருக்கிறது. ஆனால் நீளவாக்கில் அது திரும்பி நுழைய வேண்டும். திரும்பினால் அக்செப்ட் (ஸ்லாட் தாண்டிப் போகும் நல்ல கூழ்), திரும்பாவிட்டால் ரிஜெக்ட் (ஒதுக்கி வெளியேற்றுவது). எது திரும்பும் என்பதை ஸ்லாட்டின் அகலத்தோடு சேர்ந்து, அதன் வழியாகத் தண்ணீர் போகும் வேகம், கம்பியின் மேல்முக வடிவம், பாஸ்கெட்டை ஒட்டிச் சுற்றும் ரோட்டர் கொடுக்கும் உதறல், ரிஜெக்ட் வால்வு திறந்திருக்கும் அளவு எல்லாம் தீர்மானிக்கின்றன. மணல், ஸ்டேப்ளர் பின் துண்டு போன்ற விறைப்பான பெரிய பொருளுக்கு மட்டும்தான் பாஸ்கெட் உண்மையான சல்லடை. மற்றதெல்லாம் வாய்ப்புக் கணக்கு.

அடுத்தது ஓட்டையா, ஸ்லாட்டா என்பது. தட்டையாக, அகலமாக இருப்பதை வட்ட ஓட்டை நிறுத்தும். உருண்டையாக, கட்டியாக இருப்பதை ஸ்லாட் நிறுத்தும். பிளாஸ்டிக் கவர் துண்டு ஒன்று 50 மைக்ரான் கனமே இருக்கும். அது விளிம்பைக் காட்டித் திரும்பினால் 0.15 ஸ்லாட்டிலும் கத்தி உறைக்குள் போகிற மாதிரி போய்விடும். அதே துண்டு 4 மி.மீ. அகலம் இருந்தால் 1.6 மி.மீ. ஓட்டை பெரும்பாலும் விடாது, மடங்கினால்தான் போகும். மணலுக்கு நேர் எதிர்: ஒரு மி.மீ. மணலை ஓட்டை விட்டுவிடும், ஸ்லாட் விடாது. அதனால்தான் கோர்ஸில் ஓட்டையும் ஃபைனில் ஸ்லாட்டும் வைக்கிறோம். உங்கள் பேப்பரில் இருக்கும் புள்ளி பிளாஸ்டிக் துண்டாக இருந்தால் ஃபைன் பாஸ்கெட்டை மாற்றிப் பயனில்லை. கோர்ஸ் ஸ்கிரீனைத் திறந்து ஓட்டை தேய்ந்து பெரிதாகியிருக்கிறதா, சீல் பக்கம் ஒழுகுகிறதா என்று பாருங்கள்.

அந்தப் புள்ளி என்ன என்று கண்டுபிடிக்க லேப் வேண்டியதில்லை. அக்செப்ட்டிலிருந்து ஒரு குவளை எடுத்து ஒரு ஷீட் போடுங்கள். காயவைத்து, இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவில் வைத்து, அயர்ன் பாக்ஸை நல்ல சூட்டில் ஒரு நிமிஷம் அழுத்துங்கள். பிரித்துப் பார்க்கும்போது ஒட்டிக்கொண்டு இழுக்கும் புள்ளி பசை. ஒட்டாமல் எண்ணெய் ஊறின மாதிரி கண்ணாடிபோல் தெரிந்தால் மெழுகு. அசையாமல் அப்படியே நிற்பது மரத்துணுக்கோ மணலோ. நான் இதை ஷிஃப்ட் ஆட்களுக்கெல்லாம் கற்றுக்கொடுத்திருக்கிறேன். பாஸ்கெட் வாங்கும் பேச்சுக்கு முன்னால் ஒரு வாரம், ஷிஃப்டுக்கு ஒரு ஷீட், தேதி எழுதி வையுங்கள். 21 ஷீட் சேரும். என் வார்த்தையைவிடவும் விற்பவர் வார்த்தையைவிடவும் அந்தக் கட்டு முதலாளியிடம் நன்றாகப் பேசும்.

பசைதான் என்று வந்தால் உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவு. பசை நெகிழும். 150 மைக்ரான் ஸ்லாட்டின் முன்னால் 300 மைக்ரான் பசைத்துளி வந்து, பின்னால் அழுத்தமும் சூடும் இருந்தால், பிதுங்கிக்கொண்டு மறுபக்கம் போய்விடும். தண்ணீர் சூடு ஏற ஏற இது கூடும். சித்திரை வைகாசியில் ஸ்டிக்கீஸ் (கூழில் வரும் இந்தப் பசைத்துளிகள்) தொல்லை கூடுவதை நீங்களே கவனித்திருப்பீர்கள். 0.10 மி.மீ. ஸ்லாட் தகட்டில் நிற்பதைத்தான் லேபில் மேக்ரோ ஸ்டிக்கீஸ் என்று எண்ணுகிறார்கள். அதற்குக் கீழே இருப்பது எந்தப் பாஸ்கெட்டுக்கும் சிக்காது. டால்க் பொடி போடுவது, பேக் வாட்டரைத் தெளியவைப்பது என்று வேறு வழியில்தான் அதைப் பிடிக்க வேண்டும். உங்கள் டிரையரில் ஏறுவது பெரிய துளியா, கரைந்து பின்னால் திரண்டதா என்பதை நான் இங்கிருந்து சொல்ல முடியாது. மேலே சொன்ன 21 ஷீட்டில் பசைப்புள்ளி குறைவாக இருந்தும் டிரையரில் ஏறிக்கொண்டே இருந்தால், பாஸ்கெட் பேச்சை விட்டுவிட்டு கெமிக்கல் பக்கம் போங்கள்.

இப்போது கணக்கு. விற்பவர் இதைச் சொல்லியிருக்க மாட்டார். 80 டன் என்றால் மணிக்கு 3.33 டன். ஒரு சதவீத கன்சிஸ்டென்சியில் (நூறு பங்கு கூழில் ஒரு பங்கு நார்) அது மணிக்கு 333 கன மீட்டர், அதாவது விநாடிக்கு 0.0926 கன மீட்டர். உங்கள் பாஸ்கெட்டின் பரப்பு ஒரு சதுர மீட்டர், கம்பியின் முகம் 3.2 மி.மீ. என்று வைத்துக்கொள்கிறேன். 0.25 ஸ்லாட்டில் திறந்த பரப்பு 0.25 வகுத்தல் 3.45, ஏறத்தாழ 7.2 சதவீதம். ஸ்லாட் வழியே போகும் வேகம் விநாடிக்கு 1.28 மீட்டர். அதே கம்பியில் 0.15 ஸ்லாட் என்றால் 0.15 வகுத்தல் 3.35, திறந்த பரப்பு 4.5 சதவீதத்துக்கு இறங்குகிறது. வேகம் 2.07 மீட்டர். அறுபது சதவீதம் கூடிவிட்டது! பசையைப் பிடிப்பதற்காக ஸ்லாட்டைச் சுருக்கினோம், அந்தச் சுருக்கமே பசையைத் தள்ளுகிற வேகத்தை ஏற்றிவிட்டது. பழைய 1.28-லேயே 0.15-ஐ ஓட்ட வேண்டுமானால் 1.6 சதுர மீட்டர் பாஸ்கெட் வேண்டும். அது இன்னொரு மெஷின். பசையைப் பிடிக்க நினைக்கும் இடத்தில் நான் இந்த வேகத்தை ஒரு மீட்டர் சுற்றியே வைக்கப் பார்ப்பேன். உங்கள் பாஸ்கெட்டின் உண்மையான விட்டமும் உயரமும் போட்டு இதைத் திரும்பக் கணக்கிடுங்கள், ஐந்து நிமிஷ வேலை.

"கம்பியை ஒல்லியாக்கித் தருகிறேன், திறந்த பரப்பு கூடும்" என்று அவர் சொல்லலாம். பொய் இல்லை. 2.3 மி.மீ. கம்பியில் 0.15 ஸ்லாட் என்றால் திறந்த பரப்பு 6 சதவீதத்தைத் தாண்டும், வேகம் 1.5-க்கு இறங்கும். ஆனால் பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டுகளின் இடைவெளியைவிட நார் நீளமாக இருந்தால், ஒரே நார் ஒரு முனையை இந்த ஸ்லாட்டிலும் மறுமுனையை அடுத்த ஸ்லாட்டிலும் விட்டு, கம்பிமேல் கால் போட்டு உட்கார்ந்துகொள்ளும். அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் இன்னொன்று. உள்ளூர்ப் பெட்டி மட்டும் போட்டால் நார் குட்டை, தப்பிக்கலாம். அமெரிக்க ஓ.சி.சி. (பழைய அட்டைப்பெட்டி) கலக்கும் நாளில் மாட்டிக்கொள்வீர்கள்.

கம்பியின் மேல்முகச் சரிவும் அப்படித்தான். புரொஃபைல் உயரம் கூடினால் அந்த இடத்தில் தண்ணீர் சுழன்று நார் மெத்தையை உடைக்கும், டன் கூடும். அதே சுழல் குப்பையையும் திருப்பிவிட்டு உள்ளே அனுப்பும், சுத்தம் குறையும். ஒரே ஸ்லாட் அகலம், இரண்டு புரொஃபைல் உயரம் என்றால் அவை இரண்டு வேறு பாஸ்கெட்டுகள். கொட்டேஷனில் 0.15 என்று மட்டும் எழுதி, புரொஃபைல் உயரமும் கம்பி அகலமும் இல்லையென்றால் அதைத் திருப்பி அனுப்பிக் கேளுங்கள். ரோட்டரையும் விட்டுவிடாதீர்கள். சின்ன ஸ்லாட்டுக்குப் பாஸ்கெட் மட்டும் மாற்றி, பழைய ஃபாயில் ரோட்டரை அதே வேகத்தில் ஓட்டினால் உதறல் பத்தாது. வேகத்தைக் கூட்டினால் மின்சாரம் தின்னும்: சுற்றுவேகம் 10 சதவீதம் கூடினால் பவர் ஏறத்தாழ 33 சதவீதம் கூடும்.

நான் இருந்த ஒரு மில்லில் இதைப் பட்டே தெரிந்துகொண்டோம். 0.25-இலிருந்து ஒரே தாவலில் 0.15, ரோட்டர் பழையது, ரிஜெக்டை மறுபடி சலிக்கும் செகண்டரி ஸ்கிரீனும் பழையது. முதல் இரண்டு நாள் பேப்பர் கண்ணுக்கு அழகாக இருந்தது, எல்லோருக்கும் சந்தோஷம். மூன்றாவது நாள் இரவு ஷிஃப்டில் ரிஜெக்ட் லைன் அடைத்தது. திறந்தால் பைப்புக்குள் ஈரத் துணியை முறுக்கித் திணித்த மாதிரி நீள நார். ஆபரேட்டர் டைல்யூஷனைக் கூட்டினார், செகண்டரி தாங்கவில்லை, வழிந்தது. ஓட்டியாக வேண்டுமே என்று ரிஜெக்டை டிரெயினில் விட்டார்கள். அந்த வாரம் 18 பி.எஃப். (பர்ஸ்ட் ஃபேக்டர், பேப்பர் வெடிக்காமல் தாங்கும் பலத்தின் எண்) வரவேண்டிய ரீல்கள் 16-லேயே நின்றன. பெட்டிக்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள். சுத்தம் வந்தது, பலம் போனது: ரிஜெக்டில் போனது பூராவும் நல்ல நீள நார். டிரெயின் பக்கெட்டில் கையை விட்டு அள்ளியபோது குப்பையைவிட நார்தான் அதிகம் இருந்தது. அந்தக் கைப்பிடி ஈரம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அந்த முடிவில் நானும் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

காரணம் பின்னால்தான் விளங்கியது. ஸ்லாட் சுருங்கும்போது தண்ணீர் எளிதாகப் போய்விடும், நார் தயங்கும். அதனால் ரிஜெக்ட் பக்கம் கெட்டியாகும். ஒரு கணக்குக்கு, ஓட்டத்தில் 20 சதவீதத்தை ரிஜெக்டில் விடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ரிஜெக்ட், ஃபீடைவிட ஒன்றரை மடங்கு கெட்டி என்றால் வந்த நாரில் 30 சதவீதம் செகண்டரிக்குப் போகிறது. இரண்டு மடங்கு கெட்டியானால் 40 சதவீதம். பிரைமரியில், அதாவது முதல் ஸ்கிரீனில், பாஸ்கெட் மாற்றினோம், சுமை செகண்டரியில் விழுந்தது. பிரைமரியைத் தொடும் முன் செகண்டரி, டெர்ஷியரி இரண்டும் எவ்வளவு தாங்கும் என்று பார்த்தே ஆகவேண்டும். ஆபரேட்டர்கள் ரிஜெக்ட் வால்வைக் குறைத்து நார் நஷ்டத்தை மிச்சப்படுத்தப் பார்ப்பார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன், டன் கேட்டு நெருக்குவது நாம்தான். ஆனால் ரிஜெக்ட் குறைந்தால் சுத்தம் குறையும். இதில் விதிவிலக்கு நான் பார்த்ததில்லை. உங்கள் வால்வு இப்போது எங்கே நிற்கிறது? பழைய லாக் புக்கைப் புரட்டி, ஸ்கிரீன் புதிதில் எங்கே நின்றது என்று ஒப்பிடுங்கள்.

இன்னொன்று, பலர் விட்டுவிடுவது: இப்போது இருக்கும் 0.25 இன்னும் 0.25-தானா? அடுத்த ஷட்டவுனில் லாக் அவுட் போட்டு (யாரும் மின்சாரம் கொடுக்க முடியாதபடி பூட்டி), ரோட்டரைக் கழற்றி, பாஸ்கெட்டை வெளியே எடுத்துக் கழுவுங்கள். கம்பிகளுக்குக் குறுக்காகக் கட்டைவிரல் நகத்தை இழுத்துப் பாருங்கள். புதியதில் நகம் அரத்தில் பட்ட மாதிரி நரநரவென்று மாட்டும். தேய்ந்ததில் வழுக்கிக்கொண்டு போகும். ஃபீலர் கேஜில் 0.30 தகடு நுழைந்தால் ஸ்லாட் விரிந்துவிட்டது. மேலே, நடுவில், கீழே என்று சுற்றிலும் பன்னிரண்டு இடமாவது பாருங்கள், ரிஜெக்ட் முனையில் தேய்மானம் அதிகம் இருக்கும். குரோம் பூச்சு போய் உள்ளிருக்கும் ஸ்டெயின்லெஸ் தெரிய ஆரம்பித்தால் அதற்குப் பிறகு தேய்வு வேகமாகும். புரொஃபைல் மழுங்கின பாஸ்கெட்டில் டன் குறையும், டிபி (உள்ளே வரும் அழுத்தத்துக்கும் வெளியேறும் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம்) ஏறும். ஆபரேட்டர் "ஸ்லாட் அடைக்கிறது" என்பார், உண்மையில் அடைக்கவில்லை, உதறல் போய்விட்டது. இப்படித் தேய்ந்ததை எடுத்துவிட்டுப் புதிய 0.25 போட்டாலே பாதி நோய் தீர்ந்த மில்களை நான் பார்த்திருக்கிறேன். நம் ஊர் வேஸ்ட் பேப்பரில் மணல் அதிகம். ஸ்கிரீனுக்கு முன்னால் ஹெச்.டி. கிளீனர் (கூழைச் சுழற்றி மணல் போன்ற கனமானதைப் பிரிக்கும் கருவி) மணலைச் சரியாகக் கக்குகிறதா என்று பார்க்காமல் எந்தப் பாஸ்கெட் போட்டாலும் ஆயுள் இருக்காது.

என்னைக் கேட்டால் 0.15 இப்போது வேண்டாம். கோர்ஸை ஒழுங்கு செய்யுங்கள், ஃபைனில் தேய்மானத்தை அளந்து பாருங்கள், அதற்குப் பிறகும் பசைப் புள்ளி நின்றால் 0.20 போடுங்கள். அதே 3.2 கம்பியில் திறந்த பரப்பு 5.9 சதவீதம், வேகம் 1.57. 0.15 அளவுக்கு அது செகண்டரியை நெருக்காது, ஆனாலும் தாங்குமா என்று முதலில் பாருங்கள். கொட்டேஷனில் ஒரு நிபந்தனை சேர்க்கச் சொல்லுங்கள்: பாஸ்கெட் மாற்றும் முன்னும் பின்னும் ஃபீட், அக்செப்ட், ரிஜெக்ட் மூன்றிலும் ஒரே மாதிரி சாம்பிள் எடுத்து, 0.15 தகடு போட்ட சோமர்வில் ஸ்கிரீனில் (லேபில் கூழைச் சலித்துப் பார்க்கும் கருவி) குப்பையை எடை போட வேண்டும். அத்தனை நாளும் சரக்குக் கலவை மாறக்கூடாது. கலவை மாறினால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. 0.20-இல் எத்தனை சதவீதம் பசை குறையும் என்று யார் முன்கூட்டி எண் சொன்னாலும், நான் உட்பட, அது ஊகம். ஓட்டிப் பார்த்துத்தான் தெரியும்.

பேக் வாட்டர் விஷயம். "எத்தனை மெஷ்" என்ற கேள்விக்கு விடை கிடையாது, ஏனென்றால் மெஷ் என்பது ஓர் அங்குலத்தில் எத்தனை கண் என்ற எண்ணிக்கை மட்டும்தான். 40 மெஷ்ஷில் ஒரு கண்ணுக்கு 0.635 மி.மீ. இடம். அதில் 0.25 கம்பி போட்டிருந்தால் திறப்பு 0.385, 0.20 கம்பி என்றால் 0.435. மெல்லிய கம்பி அதிகம் வடிக்கும், சீக்கிரம் கிழியும். கடையில் வாங்கும்போது திறப்பையும் கம்பி விட்டத்தையும் எழுதி வாங்குங்கள். என் விருப்பம் பின்னல் மெஷ்ஷே இல்லை, வெட்ஜ் வயர் (ஆப்பு வடிவக் கம்பி) போட்ட வளைந்த ஸ்கிரீன். சர்க்கரை ஆலையில் சாற்றிலிருந்து சக்கைத் துகளைப் பிரிக்க டி.எஸ்.எம். ஸ்கிரீன் என்று வைத்திருப்பார்களே, அதேதான். டச்சு அரசுச் சுரங்க நிறுவனம் நிலக்கரிக்காகச் செய்தது, அந்த நிறுவனத்தின் பெயரின் முதலெழுத்துகள்தான் டி.எஸ்.எம். கம்பிகள் ஓட்டத்துக்குக் குறுக்கே இருக்கும். ஒவ்வொரு கம்பியின் விளிம்பும் தண்ணீரில் மெல்லிய ஏடாகச் சீவி கீழே அனுப்பும். அதனால் இடைவெளியில் ஏறத்தாழ பாதி அளவுத் துகளிலேயே பிரிவு விழும். கண்ணும் அடைக்காது. காலப்போக்கில் விளிம்பு மழுங்கிச் சீவல் குறையும், அப்போது தகட்டைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டால் மறு விளிம்பு வேலை செய்யும். ஷவர் நாசிலின் துளை ஒரு மி.மீ. என்றால் அதைவிடச் சிறிய இடைவெளி போதும் என்று நிற்காதீர்கள். தனி நார் போய்விடும்தான், ஆனால் வழியில் மூலைமுடுக்கில் நார் திரண்டு கயிறாகித்தான் நாசிலை அடைக்கும். ஷவர் லைனில் நாசிலுக்கு முன்னால் கழுவிவிடக்கூடிய ஒரு சின்ன ஃபில்டரும் வையுங்கள்.

துணி ஃபில்டர் போட நேர்ந்தால் சுருக்கமாக: சூடான காரத் தண்ணீரில் பாலியஸ்டர் நிற்காது. பாலிபுரொப்பிலீன் காரம், அமிலம் இரண்டையும் தாங்கும், 90 டிகிரிக்குமேல் வேண்டாம், ஹைப்போ (குளோரின் வெளுப்பு நீர்) படும் இடத்தில் ஆயுள் குறையும். நைலான் காரத்துக்குச் சரி, அமிலத்துக்கு ஆகாது.

பாஸ்கெட்டின் விட்டம், உயரம், கம்பி அகலம், புரொஃபைல் உயரம், ஃபீட் மற்றும் ரிஜெக்ட் கன்சிஸ்டென்சி, ரிஜெக்ட் ஓட்டம், செகண்டரியின் அளவு, தண்ணீர்ச் சூடு, இத்தனையும் இங்கே எழுதுங்கள். அந்த 21 ஷீட்டையும் வெளிச்சத்தில் வைத்துப் படமெடுத்துப் போடுங்கள். உங்கள் எண்களை வைத்துத் திரும்பக் கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.